தோட்டத் திடல் போன பிறகு: 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காற்பந்து கற்றுத் தருவோருக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ரப்பர்த் தோட்டங்கள் நிறைந்திருந்த காலத்தில், லயத்து வீடுகளுக்கும் கோயிலுக்கும் இடையில் எங்காவது ஒரு திடல் இருக்கும். வெயில் தணிந்ததும் பிள்ளைகள் அங்கே கூடுவார்கள். ஏழு வயதுத் தம்பியும் பதினைந்து வயது அண்ணனும் ஒரே ஆட்டத்தில் இருப்பார்கள்; இரண்டு சிலிப்பர்களைக் கழற்றி வைத்தால் கோல் கம்பம் தயாராகிவிடும். விசில் ஊதவோ வரிசையில் நிற்கச் சொல்லவோ அங்கே யாரும் இல்லை. பந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும் வரை ஆடிவிட்டு, அம்மா கூப்பிடும் சத்தம் கேட்ட பிறகே வீடு திரும்புவார்கள். பிறகு ரப்பர் மரங்கள் செம்பனைக்கு வழிவிட்டன, சில தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன, குடும்பங்கள் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று வாரத்துக்கு இரண்டு நாள், பள்ளித் திடலில், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே பந்தைத் தொடுகிறார்கள்.

ஆகவே, 8 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பயிற்சி தர முன்வந்திருக்கும் ஆசிரியரும் தொண்டூழியரும் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. தோட்டத் திடல் ஒவ்வொரு மாலையும் இலவசமாகத் தந்துகொண்டிருந்ததை, வாரத்தில் நமக்குக் கிடைக்கும் அந்த இரண்டு மாலைகளுக்குள் நாம் திருப்பித் தந்தாக வேண்டும். பந்தை அடிக்கடி தொடும் வாய்ப்பு, என்ன செய்வதென்று தானே முடிவெடுக்கும் உரிமை, தவறு செய்தால் அடுத்த நொடியே மறுபடி முயலும் சுதந்திரம் ஆகியவையே அது தந்தவை. கீழே நான் எழுதும் எல்லாம் இதிலிருந்து பிறப்பவைதான்.

தோட்டத் திடலை நான் கண்மூடிப் புகழவில்லை. சின்னப் பிள்ளையைப் பிடித்துக் கோலில் நிறுத்திவிடுவார்கள். பெண் பிள்ளைகள் ஓரத்தில் நின்று பார்க்க வேண்டியதுதான். கால் சுளுக்கியவனும் வெட்கத்தில் ஆடிக்கொண்டே இருப்பான். இவற்றைத் திருத்தத்தான் பயிற்றுநர் என்றொருவர் தேவைப்படுகிறார்.

முதலில் எண்ணிப் பாருங்கள்

நான் பயிற்றுநரான தொடக்க ஆண்டுகளில், 22 பிள்ளைகளை இரண்டு வரிசையாக நிறுத்தி, கோன்களைச் சுற்றிப் பந்தை ஓட்டி வந்து கோலை நோக்கி உதைக்கச் செய்வேன். பார்ப்பதற்கு ஒழுங்காக இருக்கும், பெற்றோரும் மெச்சுவார்கள். ஒரு நாள் முழங்கால் வலியால் மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது, ஒரே ஒரு பையனை மட்டும் கவனித்து, அவன் பந்தைத் தொடும் ஒவ்வொரு முறையும் நோட்டுப் புத்தகத்தில் ஒரு கோடு போட்டேன். இருபது நிமிட முடிவில் பதினொரு கோடுகளே இருந்தன. மீதி நேரமெல்லாம் அவன் முன்னால் நிற்பவனின் சட்டையை இழுத்துக்கொண்டும் புல்லைப் பிடுங்கிக்கொண்டும் இருந்தான். அடுத்த வாரம் அதே பையனை நால்வருக்கு நால்வர் ஆட்டத்தில் விட்டு, அதே இருபது நிமிடம் எண்ணினேன். எண்பதைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அன்றோடு வரிசைப் பயிற்சியைக் கைவிட்டேன். நீங்களும் வேறு எதையும் மாற்றுவதற்கு முன்னால், ஒரு நாள் விசிலை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு இந்தக் கணக்கை எடுத்துப் பாருங்கள்; எடுக்கும்போது திறமையான பிள்ளையை விட்டுவிட்டு, ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள்.

சிறிய ஆட்டங்களின் பயனை உலகம் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தில் பல ஆண்டுகளாக 7, 8 வயதுக்குட்பட்டோர் ஐவர் ஆட்டத்தையும், 9, 10 வயதுக்குட்பட்டோர் எழுவர் ஆட்டத்தையும், 11, 12 வயதுக்குட்பட்டோர் ஒன்பதின்மர் ஆட்டத்தையும் ஆடி, 13 வயதுக்குட்பட்டோர் பிரிவில்தான் பதினொருவர் ஆட்டத்துக்கு வந்தார்கள். பத்து வயதுப் பிள்ளையைப் பெரியவர்களின் முழுத் திடலில் விட்டால், பலமாக உதைப்பவனும் வேகமாக ஓடுபவனும் மட்டுமே ஆட்டத்தில் இருப்பார்கள். மற்றவர்கள் அந்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

செய்முறை எளிது. பெரியவர் காலடியில் முப்பது நீளம், இருபது அகலம் அளந்து கோன் வையுங்கள். நால்வருக்கு நால்வர் ஆட அது போதும். 16 பிள்ளைகள் வந்தால் அப்படி இரண்டு ஆடுகளங்கள் வேண்டும். பந்தின் அளவிலும் கவனம் வேண்டும். எட்டு வயதுக்குட்பட்டோருக்கு 3ஆம் எண் பந்தும், அதற்கு மேல் 12 வயது வரை 4ஆம் எண் பந்தும் பொருந்தும். நம் பள்ளிகளின் விளையாட்டு அறைகளில் பெரும்பாலும் 5ஆம் எண் பந்துதான் கிடக்கும். சுற்றளவு 68 முதல் 70 சென்டிமீட்டர், எடை 410 முதல் 450 கிராம் கொண்ட அந்தப் பந்து பெரியவர்களுக்கானது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் ஒரே ஒரு வேண்டுகோள் வைக்க வாய்ப்புக் கிடைத்தால், புது ஜெர்சி கேட்பதைவிட எட்டு 4ஆம் எண் பந்துகளைக் கேளுங்கள்.

ஒரு மாலைப் பயிற்சி

நம் ஊரில் மாலை ஐந்தேகாலுக்கு முன் பயிற்சியைத் தொடங்குவது சரியல்ல. மூன்று மணி வெயிலும் காற்றின் ஈரப்பதமும் பிள்ளைகளின் உடலிலிருந்து நீரை உறிஞ்சிவிடும். ஏழு மணி வரை வெளிச்சம் இருப்பதால், 75 நிமிடம் தாராளமாகக் கிடைக்கும். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை எல்லாரும் தண்ணீர் குடிக்க வேண்டும். தாகம் எடுத்தால் குடிக்கட்டும் என்று விடாதீர்கள், ஆட்டத்தில் மூழ்கிய பிள்ளைக்குத் தாகம் தெரியாது.

பிள்ளைகள் ஒரே நேரத்தில் வந்து சேர்வதில்லை. ஒருவன் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வருவான், இன்னொருத்தி டியூஷன் முடிந்து நடந்து வருவாள், தோட்டத்திலிருந்து வரும் வேன் எப்போதும் பத்து நிமிடம் தாமதம். அனைவரும் வரட்டும் என்று காத்திருக்க வைக்காதீர்கள். முதலில் வரும் இருவர் சின்னக் களத்தில் ஒருவருக்கொருவர் ஆடத் தொடங்கட்டும். மூன்றாமவர் வந்தால் தோற்கும் பக்கத்தில் சேரட்டும். நான்காமவர் வந்தால் இருவருக்கு இருவர். தோட்டத் திடலில் ஆட்டம் இப்படித்தான் தானாக வளர்ந்தது. எல்லாரும் வந்து சேர்வதற்குள் உடலும் சூடேறியிருக்கும். அதன் பின் ஒற்றைக் காலில் நின்று சமநிலை காப்பது, குதித்து மென்மையாகத் தரையிறங்குவது, உருண்டு விழக் கற்பது போன்றவற்றுக்கு ஐந்து நிமிடம் கொடுங்கள். பிஃபா உருவாக்கிய சிறுவர் காயத்தடுப்புப் பயிற்சி முறையிலும் இத்தகைய அசைவுகளே இருக்கின்றன.

அடுத்து, வட்டத்தில் நால்வரும் நடுவில் ஒருவரும் நின்று ஆடும் ஆட்டம். ஸ்பெயின் நாட்டில் ரோண்டோ என்று வழங்கும் இதை பக்கத்துக்கு எட்டுக் காலடி அளந்த சதுரத்துக்குள் ஆடலாம். வெளியில் இருப்பவர்கள் பந்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள, நடுவில் இருப்பவர் பறிக்க முயல்வார். பறிகொடுத்தவர் நடுவுக்கு வருவார். இந்த ஆட்டத்தில் ஒரு கட்டளையை மட்டும் கூறுங்கள்: பந்து உன்னிடம் வருவதற்கு முன்னரே அதை எங்கே அனுப்பலாம் என்று பார்த்து வைத்திரு.

இங்கே சற்று நின்று பேச விரும்புகிறேன், ஏனெனில் பயிற்றுநரின் வேலை முழுவதும் இதில்தான் இருக்கிறது. என்னிடம் வந்த ஒரு பையன் கோலுக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்குவான். வாங்கியதும் பின்னாலிருந்து வருபவன் பறித்துப் போய்விடுவான். ஒரே மாலையில் மூன்று முறை இப்படி நடந்தது. "திரும்பாதே, பின்னாடி ஆள்!" என்று கத்தியிருக்கலாம், பந்தும் தப்பியிருக்கும். ஆனால் அந்த முடிவு என்னுடையதாக இருந்திருக்கும், அவனுடையதாக அல்ல. தண்ணீர் குடிக்கும் நேரத்தில் அவனைத் தனியே அழைத்து, "பந்து வந்தபோது உனக்குப் பின்னால் யார் இருந்தார்?" என்று கேட்டேன். "தெரியல ஐயா" என்றான். "எப்போது பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்?" என்றேன். காலால் புல்லைக் கீறிக்கொண்டே வெகுநேரம் யோசித்தான். பிறகு, "பாஸ் வர்றதுக்கு முன்னாடி" என்றான். பதில் அவனிடமிருந்தே வந்துவிட்டது. அதன் பின், மூவர் கொண்ட சின்னப் பயிற்சி ஒன்றை அமைத்தேன். ஒருவர் பந்தை அனுப்புவார். நடுவில் இருப்பவர் வாங்குவார். அவருக்குப் பின்னால் நிற்பவர் கையில் சில விரல்களை உயர்த்திக் காட்டுவார். நடுவில் இருப்பவர் பந்து காலில் படுவதற்கு முன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து, எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். இரண்டு வாரத்தில் அவன் கழுத்து தானாகத் திரும்பத் தொடங்கியது. மூன்றாவது வாரம், பின்னால் ஆள் இல்லை என்று பார்த்து வைத்து, ஒரே தொடுதலில் திரும்பி ஓடினான். கோல் விழவில்லை, எனக்கு அது முக்கியமாகவும் படவில்லை.

இப்படிக் கேட்டுக் கற்பிக்க நேரம் பிடிக்கும். ஆகவே ஒரு மாலைக்கு ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்று வாங்குவதற்கு முன் பார்ப்பது என்றால், ஆட்டம் நடக்கும்போது காலை எப்படி வைத்தான், ஏன் இடப்பக்கம் போகவில்லை என்றெல்லாம் திருத்தாதீர்கள்.

சில சமயம் கேள்விகூட வேண்டாம். விதியை மாற்றினால் பாடம் தானாக வரும். எல்லாரும் பந்தைச் சுற்றித் தேனீக் கூட்டம் போல மொய்க்கிறார்களா? ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு சிறிய கோல்களைக் களத்தின் இரு மூலைகளில் வையுங்கள்; ஒரு பக்கம் அடைபட்டால் மறுபக்கம் திறந்திருப்பதை அவர்களே கண்டுபிடிப்பார்கள். எப்போதும் வலக்காலால் மட்டுமே உதைக்கிறார்களா? இடக்காலால் போட்ட கோலுக்கு இரண்டு புள்ளி கொடுங்கள். கடைசி இருபது நிமிடம் எந்த விதி மாற்றமும் இல்லாமல் ஆட விடுங்கள். அந்த இருபது நிமிடமும் பயிற்றுநர் வாயைத் திறக்கக் கூடாது. முதல் சில வாரங்களில் இதுவே உங்களுக்கு ஆகக் கடினமான பயிற்சியாக இருக்கும்.

தலையால் முட்டும் பயிற்சியை இந்த வயதில் தவிர்த்துவிடலாம். அமெரிக்கக் காற்பந்துச் சங்கம் 10 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்களுக்கு அதை 2015இல் தடை செய்தது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துச் சங்கங்களும் 2020இல் தொடக்கப்பள்ளி வயதினரின் பயிற்சியிலிருந்து அதை விலக்கச் சொல்லி வழிகாட்டுதல் வெளியிட்டன.

இடி மின்னலைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டின் மாலை மழை அறிவிப்பின்றி வரும். மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குங்கள். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால், உடனே அனைவரையும் பள்ளிக் கட்டடத்துக்குள் அழைத்துச் செல்லுங்கள். கடைசி இடிக்குப் பின் முப்பது நிமிடம் கழியும் வரை திடலில் கால் வைக்காதீர்கள். மரத்தடியில் ஒதுங்குவது தவறு. போட்டி நாளாக இருந்தாலும், கோப்பை பெரிதாக இருந்தாலும் இதில் விலக்கே இல்லை.

சின்னதாக இருக்கும் பிள்ளை

நம் பள்ளிகளில் வயதுப் பிரிவு பிறந்த ஆண்டைக் கொண்டு அமைகிறது. ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள். பத்து வயதில் பதினொரு மாத இடைவெளி என்பது உயரத்திலும் வலுவிலும் கண்ணுக்குத் தெரியும் வேற்றுமை. அதனால்தான் பல நாடுகளின் இளையோர் அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மிஞ்சி இடம்பெறுகிறார்கள். தேர்ந்தெடுப்பவர் திறமையைத் தேர்ந்தெடுத்ததாக எண்ணிக்கொள்கிறார்; உண்மையில் பிறந்த மாதத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். உங்கள் பெயர்ப் பட்டியலில் பிறந்த தேதியை ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் எழுதி வைத்துவிட்டு, மாவட்டப் போட்டிக்கு நீங்கள் எடுக்க நினைத்திருக்கும் பெயர்களை அதனுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதில் நான் செய்த பிழையைச் சொல்லியே ஆக வேண்டும். நவம்பரில் பிறந்த ஒரு பையன், உயரத்தில் மற்றவர்களின் மார்பு வரைதான் இருப்பான். பந்தைக் காலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் அழகு அவனைப் போல் வேறு யாருக்கும் இல்லை. மழை பெய்து சேறான திடலில் அவனால் தாக்குப்பிடிக்க முடியாது என்று கருதி, ஓர் ஆண்டு முழுவதும் மாற்று ஆட்டக்காரர் வரிசையில் உட்கார வைத்தேன். ஆண்டு முடிவில் அவன் வருவதை நிறுத்திவிட்டான். பதினாறு வயதில் அவனைச் சந்தையில் பார்த்தபோது என்னைவிட உயரமாக இருந்தான். பந்து ஆடுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினான். அன்றிலிருந்து, உடல் வலுவைக் காரணம் காட்டி ஒரு பிள்ளையை நான் உட்கார வைப்பதில்லை.

ஆண் பிள்ளைகளின் உயரம் வேகமாக ஏறும் காலம் சராசரியாக 14 வயதையும், பெண் பிள்ளைகளுக்கு 12 வயதையும் ஒட்டி வருகிறது. அந்த மாதங்களில் நேற்று வரை அழகாக ஆடியவன் திடீரென்று தடுமாறுவான்; எலும்பு முதலில் நீள்வதால் கைகாலின் கணக்குப் பிசகுகிறது. அவனைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள். முழங்கால் சில்லுக்குக் கீழே தொட்டால் வலிக்கிறது என்றாலும், குதிகால் வலிக்கிறது என்றாலும், அது வளர்ச்சியோடு தொடர்புடைய வலியாக இருக்கக்கூடும்; ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். தைலம் தேய்த்து ஆட விடுவது பழைய தோட்ட வழக்கம்; அதை அங்கேயே விட்டுவிடலாம்.

12 வயது வரை யாருக்கும் நிலையான இடம் தராதீர்கள். இன்று தற்காப்பில் நின்றவர் அடுத்த வாரம் தாக்குதலில் நிற்கட்டும். கோல் காவலர் இடமும் சுழல வேண்டும். 1970களிலும் 80களிலும் மலேசியாவின் கோலைக் காத்து, நீண்ட கைகளால் 'ஸ்பைடர்மேன்' எனப் பெயர் பெற்ற ஆர். ஆறுமுகத்தைப் பற்றி நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். அந்தப் பேச்சைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கோலில் நிற்பது தண்டனை அல்ல, பெருமை என்று அவர்கள் உணர வேண்டும். பெண் பிள்ளைகள் வந்தால் தனிக் குழு அமையும் வரை காத்திருக்காமல் அன்றைக்கே ஆட்டத்தில் சேருங்கள்.

போட்டி நாளும் பெற்றோரும்

போட்டி நாளில் ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும். இதைப் போட்டிக்கு முந்தைய வாரமே பெற்றோரிடம் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். நான் அப்படிச் செய்யாத ஆண்டில், ஒரு தந்தை கோட்டருகே வந்து, "ஐயா, என் பையன் ரெண்டு கோல் போட்டான், ஏன் வெளியே எடுத்தீங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. பதில் முன்கூட்டியே சொல்லப்பட்டிருந்தால் அந்தச் சங்கடம் நேர்ந்திருக்காது.

ஓரத்தில் நின்று "அடி! தூக்கி அடிடா!" என்று கத்தும் பெற்றோரை நான் குறை சொல்வதில்லை, அவர்களுக்குத் தெரிந்த ஆட்டம் அது, பிள்ளை மீதுள்ள பாசமும் அது. அவர்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒருவர் தண்ணீர் ஊற்றட்டும், ஒருவர் முதலுதவிப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளட்டும், இன்னொருவரிடம் நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, நம் குழு தொடர்ச்சியாக மூன்று பாஸ் செய்த ஒவ்வொரு முறையும் கோடு போடச் சொல்லுங்கள். கோடு போடுபவர் கத்துவதில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்தக் கோடுகளைப் பிள்ளைகளிடம் அவரே வாசித்துக் காட்டுவார். அதில் அவருக்கு வரும் மகிழ்ச்சியைப் பார்த்திருக்கிறேன்.

இடைவேளையில் இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசாதீர்கள். தோற்ற ஆட்டத்துக்குப் பின் பேசவே வேண்டாம். ஆளுக்கொரு மைலோ போதும்.

மேலே போகும் வழியைப் பற்றிப் பெற்றோர் கேட்பார்கள். நேர்மையாகச் சொல்லுங்கள். பள்ளியிலிருந்து மாவட்டம், மாவட்டத்திலிருந்து மாநிலம் எனப் பள்ளி விளையாட்டு மன்றத்தின் போட்டிகள் இருக்கின்றன. 2014இல் தொடங்கிய தேசியக் காற்பந்து மேம்பாட்டுத் திட்டமும், பகாங் மாநிலம் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமியும் இருக்கின்றன. கே. ராஜகோபால் பயிற்றுவித்த இளம் அணி 2009இல் தென்கிழக்காசியப் போட்டியில் தங்கம் வென்றது. அந்த இளைஞர்களில் பலரைக் கொண்டே அடுத்த ஆண்டு இந்தோனேசியாவை இரு ஆட்டங்களின் கூட்டுக் கணக்கில் 4-2 என வீழ்த்தி ஆசியான் கிண்ணத்தையும் அவர் கொண்டு வந்தார். அந்த இடத்தை எட்டுபவர்கள் மிகச் சிலர். நம்மிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வேலை செய்துகொண்டே ஞாயிற்றுக்கிழமை ஆடப் போகிறவர்கள். பதினாறு வயதில் எத்தனை பேர் இன்னும் ஆடுகிறார்கள் என்று எண்ணுங்கள்; உங்கள் பயிற்சியை அளக்க அந்த எண்ணிக்கை, அலமாரியில் இருக்கும் கோப்பைகளைவிட நம்பத்தக்கது.

கடைசியாக, நோட்டுப் புத்தகம். பயிற்சி முடிந்து, கோன்களை அடுக்கி, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மோட்டார் சைக்கிள்கள் கிளம்பும் அந்த ஐந்து நிமிடத்தில் இரண்டு பெயர்களை எழுதுங்கள். இன்று நீங்கள் ஒரு வார்த்தைகூடப் பேசாத பிள்ளை ஒன்று. பந்தை ஆகக் குறைவாகத் தொட்ட பிள்ளை ஒன்று. அடுத்த பயிற்சி நாளில் அந்த இருவரின் வீட்டாரிடமும் பத்து நிமிடம் முன்னதாகக் கொண்டுவந்து விடச் சொல்லுங்கள். மற்றவர்கள் வருவதற்குள், சின்னக் களத்தில் அவர்கள் இருவரும் முதல் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கட்டும்.